மங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதியை ஜொகூர்வாசிகள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தஞ்சோங் பியாய் முனையில் கூட்டம் அலைமோதியது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரிலும் மக்கள் கருப்புக் கண்ணாடியோடு அண்ணாந்து நின்றார்கள். காலை பதினொன்றரை வாக்கில் நிலவு சூரியனைக் கடிக்கத் தொடங்கியது. ஒன்றரை மணியை நெருங்கும்போது சூரியன் ஒரு நெருப்பு வளையமாக மட்டும் மிஞ்சியது. மூன்றேகால் வாக்கில் எல்லாம் முடிந்து வழக்கமான வெயில் திரும்பியது.

அன்று உங்களுக்கு வானத்தைப் பார்க்கவே வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் ஓரத்தில் ஒளியை அளக்கும் கருவி ஒன்று மட்டும் இருக்கிறது. கைப்பேசித் திரையின் பிரகாசத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறதே, அந்த உணரி போதும். நிமிடத்துக்கு ஒருமுறை அது காட்டும் எண்ணைத் தாளில் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்கிறீர்கள். மேகம் குறுக்கிடாவிட்டால் அந்தக் கோடு ஒரு பள்ளத்தாக்கு போல இறங்கி ஏறும். அந்தப் பள்ளத்தாக்கை மட்டும் வைத்துக்கொண்டு என்னென்ன சொல்ல முடியும்? ஒளியை ஏதோ ஒரு பொருள் மறைத்தது. நடுவில் மிஞ்சியது ஏறத்தாழ ஆறு விழுக்காடு ஒளிதான், ஆகவே மறைத்த பொருள் சூரிய வட்டைவிடச் சற்றே சிறியதாகத் தெரிந்திருக்கிறது. மறைப்பு நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீடித்தது, ஆகவே அது இத்தனை வேகத்தில் கடந்திருக்கிறது. நிலவைப் பார்க்காமலேயே நிலவைப் பற்றி இவ்வளவு சொல்லிவிடலாம்.

கிரகண இரட்டை விண்மீன்களைப் படிப்பவர்கள் செய்வது இதைத்தான். வித்தியாசம் ஒன்றுதான்: அவர்களால் எப்போதுமே அந்த ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்க்க முடியாது.

வானில் நமக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் விண்மீன்களில் பல, உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். அவற்றின் சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டோடு ஏறக்குறைய ஒரே தளத்தில் அமைந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று மற்றொன்றை இருமுறை மறைக்கும். லிடோ கடற்கரையில் நின்று எதிர்க்கரையில் ஒரு ரவுண்டானாவைச் சுற்றிவரும் இரண்டு விளக்குகளைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தூரம் காரணமாக இரண்டும் ஒரே ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். ஒன்று மற்றொன்றின் முன்னால் வரும்போது மட்டும் அந்தப் புள்ளி மங்கும். அப்படி மங்கும் நேரங்களை ஒருவர் பொறுமையாகக் குறித்து வந்தால் போதும், ரவுண்டானாவின் கணக்கு வெளிவரத் தொடங்கும்.

இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் பேச்சும் செவியும் இழந்த ஓர் இளைஞர். பெயர் ஜான் குட்ரிக். இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்தவர். 1782ஆம் ஆண்டு நவம்பரில், பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள அல்கோல் திடீரென மங்கியிருப்பதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. தொலைநோக்கி எதுவும் தேவைப்படவில்லை. அக்கம்பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, மங்கும் நேரங்களை மாதக்கணக்கில் குறித்தார். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அல்கோல் மங்குகிறது என்று இன்று அறிகிறோம். குட்ரிக் வெறும் கண்ணால் கண்டுபிடித்த எண் இதிலிருந்து சில நிமிடங்களே விலகியிருந்தது. அல்கோலைச் சுற்றும் ஏதோ ஒரு பெரிய பொருள் அதை மறைப்பதாக இருக்கலாம் என்றும் அவர் ஊகித்தார். 1783இல் ராயல் கழகம் அவருக்குக் கோப்லி பதக்கம் அளித்தது. 1786இல், 21 வயதில் அவர் இறந்துபோனார். அவர் ஊகம் சரி என்று உறுதியாவதற்கு நூறாண்டு ஆயிற்று. 1889இல் ஜெர்மானிய வானியலாளர் ஹெர்மன் ஃபோகல், அல்கோலின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அது நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதுமாக ஊசலாடுவதைக் காட்டினார்.

எதற்காக இத்தனை சுற்றிவளைத்த வேலை, பெரிய தொலைநோக்கியில் நேராகப் பார்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். அல்கோல் ஏறத்தாழ 90 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் இரண்டு விண்மீன்களுக்கும் இடையே சுமார் 90 லட்சம் கிலோமீட்டர். இதை நம் ஊர் அளவுக்குச் சுருக்கினால், சென்னையில் ஒருவர் மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் ஏந்தி நிற்கும் இரண்டு மெழுகுவத்திகளை ஜொகூர் பாருவில் இருந்தபடி தனித்தனியாகப் பார்ப்பதற்குச் சமம். தொலைநோக்கிகள் பலவற்றை ஒன்றிணைத்து அல்கோலைப் பிரித்துப் பார்க்க முடிந்தது அண்மைக் காலத்தில்தான். அதுவும் மிக அருகில் இருப்பதால். பெரும்பாலான கிரகண இரட்டைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவற்றைப் பொறுத்தவரை மங்கலும் கடிகாரமும்தான் நம் கையில் உள்ள கருவிகள்.

பள்ளத்தாக்கைப் படிப்பது எப்படி?

ஒளிர்வு ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டை ஒளிவளைவு என்பார்கள். அல்கோலின் ஒளிவளைவையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான நேரம் கோடு ஏறத்தாழச் சமமாகப் போகிறது. பிறகு ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் ஏறத்தாழப் பத்து மணி நேரம் நீள்கிறது. முழுச் சுற்றுக்கு 69 மணி நேரம். ஆகவே சுற்றுக்காலத்தில் ஏழில் ஒரு பங்கு கிரகணத்திலேயே கழிகிறது. இது ஒன்றே பெரிய செய்தி. விண்மீன்கள் இரண்டும் தங்கள் இடைத்தூரத்தோடு ஒப்பிடும்போது சிறு மணிகளாக இருந்திருந்தால், மறைப்பு கண நேரத்தில் முடிந்திருக்கும். கணக்குப் போட்டால், இரண்டின் ஆரங்களையும் கூட்டினால் இடைத்தூரத்தில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் வருகிறது. கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நிற்கும் இரு உருண்டைகள்!

அடுத்தது ஆழம். பள்ளத்தின் அடியில் அல்கோலின் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. அரைச் சுற்று கழித்து இன்னொரு பள்ளம் இருக்க வேண்டும், இருக்கிறது. ஆனால் அது மிக மேலோட்டமானது, கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முறையும் மறைபடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வேறுபாடு வெப்பநிலையில் இருக்கிறது. வெம்மையான விண்மீன் பின்னால் போகும்போது பெரிய பள்ளம், குளிர்ந்த விண்மீன் பின்னால் போகும்போது சின்னப் பள்ளம். பள்ளத்தின் அடிப்பாகம் தட்டையாக இருந்தால், ஒன்று மற்றொன்றின் வட்டுக்குள் முழுமையாக அடங்கியிருக்கிறது. அல்கோலுக்கு இருப்பதுபோல் கூராக இருந்தால் ஓரத்தை மட்டும் உரசிப் போகிறது, அதாவது சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டுக்குச் சற்றே சாய்ந்திருக்கிறது.

சுற்றுப்பாதையின் வடிவத்தையும் இதே வளைவு சொல்லிவிடும். சின்னப் பள்ளம் இரண்டு பெரிய பள்ளங்களுக்குச் சரிபாதியில் விழுந்தால், பாதை வட்டமாக இருக்கலாம். முன்னதாகவோ பின்னதாகவோ விழுந்தால், அது நிச்சயம் நீள்வட்டம்: நெருங்கும்போது வேகம் கூடுகிறது, விலகும்போது குறைகிறது. சிக்னஸ் விண்மீன் குழுவில் உள்ள ஒய் சிக்னி என்ற இரட்டையில் அந்த நீள்வட்டமே மெல்லச் சுழல்கிறது, சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை. அதனால் சின்னப் பள்ளம் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒளிவளைவு சொல்லாது. எல்லாமே விகிதங்களாகத்தான் கிடைக்கும்: ஆரம் இடைத்தூரத்தில் இத்தனை பங்கு, ஒரு வெப்பநிலை மற்றதில் இத்தனை மடங்கு. கிலோமீட்டர் வேண்டுமானால் ஃபோகல் செய்தது போல நிறமாலையிலிருந்து வேகத்தை அளக்க வேண்டும். வேகத்தையும் சுற்றுக்காலத்தையும் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். சுற்றளவிலிருந்து இடைத்தூரம், பிறகு கெப்ளரின் விதிப்படி எடை. விண்மீன்களின் எடையைப் பற்றிப் பாடநூல்களில் நாம் படிக்கும் எண்களில் மிக நம்பகமானவை இப்படி நிறுக்கப்பட்டவைதான். தராசே இல்லாமல் நிறுத்த எடைகள்.

சரி, ஒரு மங்கலின் நேரத்தை நம்மால் ஐந்து நிமிடத் துல்லியத்தில்தான் குறிக்க முடிகிறது என்றால், சுற்றுக்காலத்தை எப்படி நொடிக் கணக்கில் சொல்கிறார்கள்? பொறுமையால்தான். முதல் மங்கலையும் நூற்றோராவது மங்கலையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் நூறு சுற்றுகள். அந்த ஐந்து நிமிடப் பிழை நூறாகப் பங்கிடப்பட்டு, ஒரு சுற்றுக்கு மூன்று நொடியாகச் சுருங்கிவிடும். இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நாளுக்கு இரண்டு நொடி பிந்தினால் இன்றைக்கோ நாளைக்கோ தெரியாது. ஓராண்டு கழித்துப் பன்னிரண்டு நிமிடம் பிந்தியிருக்கும்போது தெரிந்தே தீரும். அதுபோல் இரட்டை விண்மீனின் சுற்றுக்காலம் துளி மாறினாலும், எதிர்பார்த்த நேரத்துக்கும் கிரகணம் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி வளர்ந்துகொண்டே போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சின்னக் கணக்கு ஒரு பெரிய கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. அந்தக் கதை தொடங்கும் இடம் சென்னை நுங்கம்பாக்கம்.

மதராசில் கண்ட விண்மீன்

இன்று நுங்கம்பாக்கத்தில் வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் அன்று மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1792இல் அங்கே நிறுவிய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னமும் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சென்னைக்குப் போகும் நம்மவர்கள் தியாகராய நகரில் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை அங்கே செலவிடலாம் என்பது என் கட்சி.

1861இல் அந்த வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்க வந்தவர் நார்மன் பாக்சன். விண்மீன்களின் ஒளித்தரத்துக்கு இன்று உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோலை வகுத்தவர் இவர்தான். ஒரு தரம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைகிறது, ஐந்து தரம் குறைந்தால் நூறு மடங்கு என்பது அவர் 1856இல் முன்வைத்த கணக்கு. எண் கூடக்கூட ஒளி குறையும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1863ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி, விருச்சிகத்தில் முன்பு இல்லாத ஒரு விண்மீனை ஒன்பதாம் ஒளித்தரத்தில் பாக்சன் கண்டார். சில நாள்களிலேயே அது மங்கி மறைந்தது. யூ ஸ்கார்ப்பி என்று அதற்குப் பெயர் வந்தது.

அதே வானாய்வகத்தில் பாக்சனுக்கு முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வை, அதாவது வெள்ளிக் கோள் சூரிய வட்டைக் கடக்கும் நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கி இந்திய மொழிகள் சிலவற்றில் நூல் வெளியிட்டதும் இவரே. ஆர் ரெட்டிகுலி கிரகணத்தால் மங்குவதல்ல, தானே விரிந்து சுருங்குவதால் மங்குவது. மங்கும் விண்மீன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இல்லை. எது எந்த வகை என்று பிரித்தறிவதற்கே ஒளிவளைவு வேண்டியிருக்கிறது.

யூ ஸ்கார்ப்பிக்கு வருவோம். பாக்சன் பார்த்தது ஒருமுறை மட்டும் நடந்த சம்பவமல்ல. ஹார்வர்ட் வானாய்வகத்தின் பழைய ஒளிப்படத் தகடுகளைப் புரட்டியபோது 1906இலும் 1936இலும் அது மீண்டும் பளிச்சிட்டது தெரியவந்தது. பிறகு 1917, 1945 என்று விட்டுப்போனவையும் தகடுகளிலிருந்தே கிடைத்தன. 1979, 1987, 1999 ஆகிய ஆண்டுகளின் வெடிப்புகள் நடந்தபோதே பார்க்கப்பட்டன. சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை. சாதாரண நாள்களில் பதினெட்டாம் ஒளித்தரத்தை ஒட்டி மங்கிக் கிடப்பது, சில மணி நேரத்தில் பத்தாயிரம் மடங்கு பிரகாசித்து, பைனாகுலரில் தெரியும் அளவுக்கு வந்து, மூன்றே நாளில் பெரும்பகுதி ஒளியை இழந்துவிடும்.

என்ன நடக்கிறது? அங்கே இருப்பது ஓர் இரட்டை. ஒன்று, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண் குறுமீன். பூமியின் அளவுக்குள் சூரியனைவிட அதிகமான பொருளைத் திணித்து வைத்திருப்பது. மற்றது வழக்கமான விண்மீன். அதன் மேற்பரப்பிலிருந்து வாயு வழிந்து, வட்டமாகச் சுழன்று வெண் குறுமீன் மேல் படிகிறது. போதிய அளவு சேர்ந்ததும் முழுப் படலமும் அணுகுண்டுபோல் வெடித்துச் சிதறுகிறது. மறுபடி சேர்கிறது, மறுபடி வெடிக்கிறது.

இங்கேதான் மதராஸ் மாநிலக் கல்லூரியில் படித்த இன்னொருவர் நுழைகிறார். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண் குறுமீனின் எடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று பயணத்திலேயே கணக்கிட்டார். இன்று நாம் சொல்லும் அளவு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. யூ ஸ்கார்ப்பியின் வெண் குறுமீன் அந்த வரம்பை ஒட்டியே இருக்கிறது. ஆகவே கேள்வி இது: ஒவ்வொரு வெடிப்பிலும் அது சிதறடிப்பது, முந்தைய பத்தாண்டில் சேர்த்ததைவிடக் குறைவா, அதிகமா? குறைவு என்றால் எடை மெல்லக் கூடி, ஒருநாள் வரம்பைத் தொட்டு, விண்மீனே மொத்தமாகச் சிதறும் சூப்பர்நோவாவாக வெடிக்கும். அந்த வகை சூப்பர்நோவாவின் பிரகாசத்தை வைத்துத்தான் பேரண்டத்தின் தூரங்களை அளக்கிறோம். பேரண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்ற கண்டுபிடிப்புக்கும், அதற்குக் கிடைத்த 2011ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கும் அடித்தளம் அதுவே. அளவுகோலாகப் பயன்படும் பொருள் எதிலிருந்து பிறக்கிறது என்று தெரியாமலிருப்பது எந்தக் கடைக்காரருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும்.

வெடித்துப் பறந்த வாயுவை நிறுப்பது லேசான காரியமல்ல. அதன் ஒளியை வைத்துச் செய்த மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. அமெரிக்க வானியலாளர் பிராட்லி ஷேஃபர் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார். யூ ஸ்கார்ப்பி ஒரு கிரகண இரட்டை என்பதை 1990இல் அறிவித்தவர் அவர்தான். 1.23 நாளுக்கு ஒருமுறை துணை விண்மீன் குறுக்கே வந்து வெண் குறுமீனை மறைக்கிறது. வெடிப்பில் இந்த இணை எடை இழந்தால், ஒன்றையொன்று பிடித்திருக்கும் ஈர்ப்பு தளரும், பாதை விரியும், சுற்றுக்காலம் நீளும். எவ்வளவு நீண்டது என்று தெரிந்தால், எவ்வளவு எடை பறந்தது என்று கணக்கிடலாம். வாயுவைப் பார்க்கவே வேண்டாம். கிரகணம் எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ முந்நூறு சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டே நொடி கூடினாலும் ஓராண்டில் கிரகணம் பத்து நிமிடம் பிந்தி வரும். ஆனால் வெடிப்புக்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் விடாமல் அளந்திருக்க வேண்டும். ஷேஃபர் பல பத்தாண்டுகளை இதற்கே கொடுத்தார். அடுத்த வெடிப்பு 2009 வாக்கில் வரும் என்று முன்கூட்டியே கணித்து, உலகெங்கும் உள்ள பொழுதுபோக்கு வானியலாளர்களைக் காவலுக்கு வைத்தார். 2010ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி விடியற்காலையில் அதைக் கண்டுபிடித்தவர்கள் ஃபுளோரிடாவில் தம் சொந்தத் தொலைநோக்கிகளோடு இருந்த இரு பொழுதுபோக்கு வானியலாளர்களே. ஒரு நாட்டில் விடிந்தால் இன்னொரு நாட்டில் இருட்டும் அல்லவா? அப்படி மாறி மாறிப் பலர் சேர்த்த அளவீடுகள் முப்பத்தாறாயிரத்தைத் தாண்டின. அடுத்த வெடிப்பு 2022ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, ஜப்பானிலிருந்து ஒருவர் கண்ணில் பட்டது.

கணக்கு முடிந்தபோது 2010 வெடிப்புக்குப் பிறகு சுற்றுக்காலம் தெளிவாகவே நீண்டிருந்தது. வெண் குறுமீன் சேர்ப்பதைவிட இழப்பதே அதிகம் என்பது ஷேஃபரின் தீர்ப்பு. சூப்பர்நோவாவுக்கு மிக நெருக்கமான வேட்பாளர் என்று பாடநூல்களில் பெயர்பெற்ற விண்மீன் அந்தப் பக்கம் நகரவே இல்லை, எதிர்த்திசையில் போகிறது. பாக்சனின் புள்ளி நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெரிய கோட்பாட்டுக்குத் தடை சொல்கிறது. எனக்கு இந்த முடிவைவிட அது கிடைத்த வழிதான் பிடித்திருக்கிறது: வரவு செலவுப் பேரேட்டைக் காட்ட மறுக்கும் ஒருவரின் கையிருப்பை, அவர் நடையின் வேகத்தை வைத்துக் கண்டுபிடித்த கதை.

பன்னிரண்டு மணி நேரம்

கடிகாரத்தை நம்பும் தொழிலில் கடிகாரப் பிழை எவ்வளவு விபரீதம் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கேஐசி 9832227 என்ற இரட்டையின் சுற்றுக்காலம் ஏறத்தாழ பதினொரு மணி நேரம். அது வேகமாகக் குறைந்து வருவதாகவும், 2022 வாக்கில் இரண்டு விண்மீன்களும் மோதி ஒன்றாகி வெறும் கண்ணுக்கே தெரியும்படி ஒளிரும் என்றும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் லாரி மோல்னார் குழு அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அது வெறும் கற்பனையுமல்ல. விருச்சிகத்தில் வி1309 ஸ்கார்ப்பி என்ற இரட்டை 2008இல் அப்படித்தான் ஒன்றாகி வெடித்தது. வெடிப்பதற்கு முன் அதன் சுற்றுக்காலம் சுருங்கிக்கொண்டே போனதைப் பழைய அளவீடுகள் காட்டின.

2018இல் குவென்டின் சோசியா தலைமையிலான குழு ஒன்று பழைய தரவுகளைத் திரும்பச் சரிபார்த்தது. 1999ஆம் ஆண்டு அளவீடு ஒன்றில் கிரகண நேரம் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பிசகி அச்சாகியிருந்தது. சுற்றுக்காலமே பதினொரு மணி நேரம் என்பதால், அந்தப் பிசகு ஒரு மணி நேர வேறுபாடாக வேடமிட்டு, எல்லாரையும் நம்பவைத்துவிட்டது. அச்சுப்பிழையைத் திருத்தியதும் மோதல் காணாமல் போனது. தம் கணிப்பு பொய்த்ததை மோல்னாரும் ஏற்றுக்கொண்டார்.

பன்னிரண்டு மணி நேரம் என்பது தற்செயலல்ல என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வானியலாளர்கள் தேதிக்குப் பதிலாக ஜூலியன் நாள் என்ற தொடர் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அந்த நாள் நள்ளிரவில் மாறுவதில்லை, உலகப் பொது நேரம் நண்பகலில் மாறுகிறது. நமக்கு அது இரவு எட்டு மணி. ஜொகூர் பாருவில் இருந்து அளப்பவர் ஏழரைக்கும் எட்டரைக்கும் எழுதும் இரண்டு குறிப்புகள் இரண்டு வெவ்வேறு ஜூலியன் நாள்களில் விழும். ஆகவே குறிப்பேட்டில் மலேசிய நேரமா, பொது நேரமா என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

ஆம், உங்களையும் அளக்கச் சொல்லத்தான் இவ்வளவும். நம் ஊர் விளக்கொளியும் நீரிணைக்கு அப்பால் உள்ள விளக்கொளியும் சேர்ந்து வானத்தை வெளுக்க வைத்திருக்கின்றன, உண்மைதான். ஆனாலும் அல்கோல் இரண்டாம் ஒளித்தரம். நவம்பர் முதல் ஜனவரி வரை முன்னிரவில் வடக்கு வானில், பாதி உயரத்தில் நிற்கும். பருவமழை இடைவெளி விட வேண்டும், அவ்வளவுதான். சாதாரணமாக அது ஆண்ட்ரோமெடா குழுவின் அல்மாக் விண்மீனுக்கு நிகராக இருக்கும். கிரகணத்தின் நடுவில், பக்கத்திலேயே உள்ள எப்சிலான் பெர்சியையும்விட மங்கிவிடும். ஒரு மங்கலை இரவு பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டால், மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாக அடுத்ததைப் பார்க்கலாம்.

மழை குறையும் மாதங்களுக்கு இன்னொன்று சொல்கிறேன்: துலாம் குழுவின் டெல்டா லிப்ரே. ஏப்ரல் முதல் ஜூலை வரை இரவில் நம் தலைக்கு மேலேயே வரும். ஐந்தாம் ஒளித்தரத்திலிருந்து ஆறாம் தரத்துக்கு இறங்குவது, ஆகவே நகருக்குள் பைனாகுலர் வேண்டும், கோத்தா திங்கி, மெர்சிங் பக்கம் போனால் வெறும் கண்ணே போதும். இதன் சுற்றுக்காலம் 2.327 நாள். மூன்று சுற்றும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்கு அரை மணி நேரம் குறைவு. அதாவது இந்த சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மங்கினால், அடுத்த சனிக்கிழமை ஒன்பதரை மணி வாக்கில் மங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்காகவே அமைந்த விண்மீன்.

மங்கலின் அடிப்புள்ளியைத் தேடாதீர்கள். அங்கே ஒளி மிக மெல்ல மாறும், கண் ஏமாறும். இறங்கும்போது ஓர் அண்டை விண்மீனுக்குச் சரிசமமாக வரும் நேரத்தைக் குறியுங்கள். ஏறும்போது மறுபடி அதே விண்மீனுக்குச் சமமாகும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் கிரகணத்தின் மையம். நட்டுவைத்த கோலின் நிழல் காலையிலும் மாலையிலும் ஒரே நீளமாகும் நேரங்களை வைத்து உச்சிப்பொழுதைக் கண்டார்களே, அதே உத்தி. பல மாதங்கள் தொடர்ந்தால் இன்னொரு வேடிக்கையும் தெரியும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆண்டின் ஒரு பாதியில் விண்மீனின் ஒளி நம்மை முன்னதாக வந்தடையும், மறுபாதியில் பின்னதாக. டெல்டா லிப்ரே போல ராசி மண்டலத்தை ஒட்டிய விண்மீனுக்கு இது இரு பக்கமும் எட்டு நிமிடம் வரை போகும். 1676இல் டென்மார்க்கின் ஓலே ரோமர், வியாழனின் நிலவு மறையும் நேரங்கள் இப்படிப் பிந்துவதைப் பார்த்தே ஒளிக்கும் வேகம் உண்டு என்று நிறுவினார்.

யூ ஸ்கார்ப்பியின் அடுத்த வெடிப்பு 2030களின் தொடக்கத்தில் வரலாம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் சூரியன் அந்தப் பக்கம் இருப்பதால் அப்போது வெடித்தால் யாராலும் பார்க்க முடியாது. மற்ற மாதங்களில் செந்நிறக் கேட்டை விண்மீனைக் கண்டுபிடித்து, நீட்டிய கையின் மூடிய முட்டி அளவுக்குச் சற்றுக் குறைவாக வடக்கே பாருங்கள். வழக்கமாக அங்கே பைனாகுலரில் ஒன்றும் தெரியாது. ஏதாவது தெரிந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் மணியைப் பாருங்கள்.